லாரி வீல் நட்: ‘டைட்டா’ இருந்தா போதுமா? டார்க் ரெஞ்ச் வாங்குவது எப்படி, பராமரிப்பது எப்படி?

வீல் ஸ்பேனரில் ஒரு இரும்பு பைப்பைச் சொருகுவார்கள். அதன் நுனியில் ஒருவர் ஏறி நின்று மிதிப்பார். நட் ‘கிரீச்’ என்று ஒரு சத்தம் போட்டு நிற்கும். “அவ்ளோதாண்ணே, இனி அசையாது.” நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு, சேலம் பக்கம் லாரி ஓட்டுபவர்களுக்கும் லாரி வைத்திருப்பவர்களுக்கும் இது பழகிப்போன காட்சி.

ஆனா அந்த நட்டில் உண்மையில் எவ்வளவு முறுக்குவிசை ஏறியது? மிதித்தவருக்கும் தெரியாது, ஓனருக்கும் தெரியாது. ஒரு சின்னக் கணக்குப் போட்டால் விஷயம் புரியும்.

75 கிலோ எடையுள்ள ஒருவர் 1 மீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் நின்றால் நட்டுக்குக் கிடைப்பது சுமார் 735 நியூட்டன் மீட்டர். அதே ஆள் 1.5 மீட்டர் பைப்பில் நின்றால் சுமார் 1,100. அவர் ஒரு குதி குதித்தால் இன்னும் மேலே போகும். 10 ஸ்டட் உள்ள கனரக லாரி வீலில், 22 மில்லிமீட்டர் ஸ்டட்டுக்கு அமெரிக்க ட்ரக் துறையில் பரவலாகச் சொல்லப்படும் அளவு 450 முதல் 500 பவுண்டு அடி. நியூட்டன் மீட்டரில் 610 முதல் 680 வரை. உங்கள் வண்டிக்கான சரியான அளவு கம்பெனி கொடுத்த சர்வீஸ் மேனுவலில் இருக்கும், அதைத்தான் பின்பற்ற வேண்டும். ஆனால் பைப்பில் ஏறி மிதிப்பது தேவையைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் போகக்கூடும் என்பதற்கு இந்தக் கணக்கு போதும்.

கூடுதலா டைட் பண்ணினா நல்லதுதானே?

இல்லை. பட்டறைகளில் அதிகம் காணப்படும் தவறான நம்பிக்கை இதுதான்.

ஸ்டட் என்பது ஒரு ஸ்பிரிங் மாதிரி. நட்டைத் திருகும்போது ஸ்டட் கண்ணுக்குத் தெரியாத அளவு நீளுகிறது. நீண்டது திரும்பிச் சுருங்கப் பார்க்கும். அந்தச் சுருங்கும் விசைதான் வீல் டிஸ்க்கை ஹப்போடு சேர்த்து அழுத்திப் பிடிக்கிறது. தோராயமாகச் சொன்னால், 650 நியூட்டன் மீட்டரில் டைட் செய்த ஒரு 22 மில்லிமீட்டர் ஸ்டட் சுமார் 15 டன் விசையோடு பிடிக்கும். பத்து ஸ்டட் சேர்ந்தால் 150 டன். லோடு வண்டியின் வீல் இந்தப் பிடியில்தான் நிற்கிறது. ஸ்டட்டின் மேல் வீல் தொங்கிக்கொண்டிருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. டிஸ்க்குக்கும் ஹப்புக்கும் நடுவே உள்ள உராய்வுதான் பெரும்பாலான சுமையைத் தாங்குகிறது. பிடி தளர்ந்தால் டிஸ்க் லேசாக அசையத் தொடங்கும். அதன் பிறகுதான் ஸ்டட் வளையும், ஓட்டை முட்டை வடிவத்துக்கு மாறும், கடைசியில் ஸ்டட் ஒவ்வொன்றாக ஒடியும்.

ஸ்டட்டை அளவுக்கு மீறி இழுத்தால் என்ன ஆகும்? ஸ்பிரிங்கை ரொம்ப இழுத்துவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பாதில்லையா, அதேதான். 10.9 என்று தரக்குறி போட்ட 22 மில்லிமீட்டர் ஸ்டட் ஏறக்குறைய 30 டன்னை ஒட்டி நிரந்தரமாக நீளத் தொடங்கிவிடும். அப்புறம் அது பிடிக்கும் திறனை இழக்கும். வெளியில் பார்த்தால் நட் டைட்டாகத்தான் தெரியும். அடுத்த தடவை டயர் மாற்றும்போதோ, ஒரு பெரிய பள்ளத்தில் இறங்கும்போதோ ஒடியும். “நல்லா டைட் பண்ணித்தான் விட்டேன், எப்படி ஒடிஞ்சுது?” என்ற கேள்விக்கு விடை பல நேரம் அந்த முதல் வாக்கியத்திலேயே இருக்கிறது.

இதில் எண்ணெய் வேறு ஒரு வேலை செய்கிறது. நட்டைத் திருகக் கொடுக்கும் விசையில் சுமார் 10 சதவீதம் மட்டுமே ஸ்டட்டை இழுக்கப் போகிறது. மீதி சுமார் 90 சதவீதம் நட்டுக்கு அடியிலும் மரையிலும் உராய்வில் கரைந்துவிடும். மரையில் ஆயிலோ கிரீஸோ தடவினால் உராய்வு குறைந்து அதே முறுக்குவிசைக்கு இழுப்பு ஏகமாகக் கூடும். காய்ந்த மரையில் 15 டன் கொடுத்த 650 நியூட்டன் மீட்டர், ஆயில் பட்ட மரையில் 20 டன் வரை கொடுக்கலாம். ஆயில் தடவி, பைப்பும் போட்டு, 1,100 வரை ஏற்றினால் கணக்கு 30 டன்னைத் தாண்டிவிடும். சில வகை ஃபிளேஞ்ச் நட்டுகளுக்கு இரண்டு சொட்டு ஆயில் விடச் சொல்வார்கள், சில வகைகளுக்கு ஒரு சொட்டுகூட கூடாது என்பார்கள். மேனுவலில் பார்க்காமல் ‘எதுக்கும் இருக்கட்டும்’ என்று கிரீஸ் தடவக் கூடாது.

இந்தப் பகுதிக்கு ஏன் இது முக்கியம்?

சங்ககிரி லாரிகளுக்குப் பேர்போன ஊர். திருச்செங்கோடு ரிக் வண்டிகளின் ஊர். நாமக்கல்லில் பாடி கட்டும் பட்டறைகளும் டேங்கர், டிரெய்லர் ஓனர்களும் அதிகம். தென்மாநிலங்கள் முழுக்க சமையல் எரிவாயு கொண்டுபோகும் புல்லட் டேங்கர் உரிமையாளர்களின் சங்கமும் நாமக்கல்லைத்தான் மையமாகக் கொண்டிருக்கிறது. அப்படி ஒரு டேங்கரில் சக்கரம் கழன்றால் பிரச்சினை அந்த வண்டியோடு முடியாது. டயரும் டிஸ்க்குமாகச் சேர்ந்து ஏறக்குறைய 100 கிலோ இருக்கும் சக்கரம் 60 கிலோமீட்டர் வேகத்தில் தனியாக உருண்டு எதிர்ச்சாரிக்குப் போனால், முன்னால் வரும் பைக்காரருக்குத் தப்பிக்க வழியே இருக்காது.

இன்னொன்றும் இருக்கிறது. 2018 ஜூலையில் மத்திய அரசு லாரிகளின் அச்சு எடை வரம்பை உயர்த்தியது. நான்கு டயர் உள்ள ஒற்றை அச்சுக்கு 10.2 டன்னாக இருந்த வரம்பு 11.5 டன் ஆனது. சட்டப்படி ஏற்றும் லோடே கூடியிருக்கும்போது, பழைய பழக்கத்தில் குத்துமதிப்பாக நட் டைட் செய்வது எந்த வகையிலும் நியாயமில்லை.

ரிக் வண்டிகளின் நிலை இன்னும் மோசம். மாதக்கணக்கில் வெளிமாநிலங்களில் சுற்றும். காட்டுக்குள்ளும் மேட்டுக்காட்டிலும் இறங்கி ஏறும். நின்ற இடத்தில் துளையிடும்போது மணிக்கணக்கில் அதிரும். பக்கத்தில் பட்டறையும் இருக்காது. டார்க் ரெஞ்ச் ஒன்றை வண்டியிலேயே வைத்திருக்க வேண்டியவர்கள் என்றால் முதலில் இவர்கள்தான்.

பின்பக்க இடது சக்கரம் ஏன்?

இதில் ஜப்பான் அனுபவம் கவனிக்கத்தக்கது. நம்மைப் போலவே அவர்களும் சாலையில் இடதுபக்கம் ஓட்டுபவர்கள். அங்கே கனரக வாகனங்களில் சக்கரம் கழலும் விபத்துகளை அரசின் போக்குவரத்து அமைச்சகமே ஆண்டுதோறும் எண்ணி வெளியிடுகிறது. 2020, 2021, 2022 நிதியாண்டுகளில் ஒவ்வொன்றிலும் எண்ணிக்கை 100ஐத் தாண்டியது. பனிக்கால டயர் மாற்றும் சீசனான நவம்பர் முதல் பிப்ரவரி வரை இவை கூடும். டயரைக் கழற்றி மாட்டிய ஒன்றிரண்டு மாதத்துக்குள் நடந்தவை அதிகம். மிகப் பெரும்பாலானவை பின்பக்க இடது சக்கரங்கள்.

காரணமாகச் சொல்லப்படுபவை: இடதுபக்கம் ஓட்டும் நாட்டில் வலதுபுறம் திரும்பும்போது வண்டி ஓரளவு வேகத்தில் திரும்பும், அப்போது பாரம் இடதுபக்கம் சாயும். இடதுபுறம் திரும்பும்போது வளைவு சிறியது, பின்பக்க இடது சக்கரம் கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே தேய்ந்து திரும்பும். சாலையும் ஓரத்தை நோக்கிச் சரிந்திருக்கும். இந்த மூன்றும் நம்மூர் ரோட்டுக்கும் அப்படியே பொருந்தும். நேரம் இல்லை, எல்லாச் சக்கரத்தையும் பார்க்க முடியாது என்றால்கூட பின்பக்க இடதுபக்கத்தைப் பார்க்காமல் கிளம்பக் கூடாது.

ஏர் கன் இருக்கே, அது போதாதா?

கழற்றுவதற்கு ஏர் கன் அருமையான கருவி. இறுதியாக டைட் செய்வதற்கு அது ஆகாது. கம்ப்ரசரில் காற்று எவ்வளவு இருக்கிறது, ஹோஸ் எவ்வளவு நீளம், எத்தனை விநாடி பிடித்தார்கள் என்பதைப் பொறுத்து அதன் விசை மாறிக்கொண்டே இருக்கும். காலையில் முதல் வண்டிக்குக் கிடைத்த டைட், மதியம் இரண்டு கன் சேர்ந்து ஓடும்போது அடுத்த வண்டிக்குக் கிடைக்காது. பெரிய ஒரு இஞ்ச் கன்கள் தேவையான அளவைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஏற்றக்கூடியவை.

பலர் கவனிக்காத ஒரு பொறி இங்கே இருக்கிறது. கன்னால் முழுசாக அடித்துவிட்டு, அதன் மேல் டார்க் ரெஞ்ச் வைத்து ‘க்ளிக்’ சத்தம் கேட்டதும் “ஓகே” என்று விடுவார்கள். அந்த க்ளிக்குக்கு என்ன அர்த்தம்? நட் செட் செய்த அளவுக்குக் குறையாமல் இருக்கிறது என்பது மட்டும்தான். ஏற்கெனவே 1,200 ஏறிப்போன நட்டில் 650க்கு செட் செய்த ரெஞ்சை வைத்தாலும் அது க்ளிக் என்றுதான் சொல்லும். அதனால் கன்னை லேசாகப் பிடித்து நட் உட்காரும் வரை மட்டும் ஓட்ட வேண்டும். கடைசித் திருப்பு டார்க் ரெஞ்சில் இருக்க வேண்டும், க்ளிக் வருவதற்கு முன் நட் கொஞ்சமாவது திரும்ப வேண்டும். திரும்பாமலே க்ளிக் வந்தால் நட்டைத் தளர்த்திவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான்.

ரோட்டோரம் டயர் கழற்ற டிரைவர்கள் வைத்திருக்கும் கைப்பிடி சுற்றும் கியர் பாக்ஸ் ரெஞ்சும் அப்படித்தான். கழற்ற வசதி. டைட் செய்தால் எவ்வளவு ஏறியது என்று அது சொல்லாது.

எந்த டார்க் ரெஞ்ச் வாங்கலாம்?

முதலில் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். டார்க் ரெஞ்ச் ஸ்பேனர் வகையறா அல்ல, தராசு வகையறா. 1931இல் அமெரிக்காவில் இதற்கு முதல் காப்புரிமை கேட்டவரே அதை ‘முறுக்குவிசை அளக்கும் ரெஞ்ச்’ என்றுதான் குறிப்பிட்டார். வாங்கும்போதும் பயன்படுத்தும்போதும் தராசுக்குக் கொடுக்கும் மரியாதையை இதற்கும் கொடுக்க வேண்டும்.

கடைகளில் நான்கு வகை கிடைக்கும். கம்பி வளைந்து முள் காட்டும் பீம் வகை மலிவானது, உள்ளே ஸ்பிரிங் கிடையாது, சீக்கிரம் கெடாது. ஆனால் வண்டிக்கு அடியில் இருட்டில் அளவைப் படிப்பது சிரமம், பெரிய வீல் நட் அளவுக்குக் கிடைப்பதும் அரிது. டயல் வகை சோதனைக்கு நல்லது, கீழே விழுந்தால் போச்சு. டிஜிட்டலில் அளவோடு கோணமும் தெரியும், ஆனால் பேட்டரி, தூசி, ஈரம் என்று கவலைகள் உண்டு. பட்டறையில் தினமும் உழைக்க க்ளிக் வகைதான் பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தும்.

ஒரே ரெஞ்சில் எல்லா வேலையும் செய்துவிடலாம் என்று நினைத்தால் பணம் வீண். வீல் நட்டுக்கு முக்கால் இஞ்ச் டிரைவில் சுமார் 200 முதல் 1,000 நியூட்டன் மீட்டர் வரை உள்ளது சரியாக இருக்கும். என்ஜின், கியர் பாக்ஸ் வேலைகளுக்கு அரை இஞ்ச் டிரைவில் 40 முதல் 200 வரை உள்ளது தனியாக வேண்டும். ஒரு டார்க் ரெஞ்சை அதன் உச்ச அளவில் 20 சதவீதத்துக்குக் கீழே நம்பக் கூடாது. 1,000 வரை போகும் ரெஞ்சை வைத்துக்கொண்டு 100 நியூட்டன் மீட்டர் போல்ட்டை டைட் செய்வது, எடை மேடையில் ஒரு முட்டை ட்ரேயை வைத்து எடை பார்ப்பது மாதிரி. நாமக்கல்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

பெட்டியில் துல்லியம் எப்படி எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஐ.எஸ்.ஓ 6789 என்ற சர்வதேசத் தரநிலை, 10 நியூட்டன் மீட்டருக்கு மேற்பட்ட க்ளிக் வகை ரெஞ்சுக்கு கூட்டல் கழித்தல் 4 சதவீதம் வரை பிழையை அனுமதிக்கிறது. அது செட் செய்த அளவில் 4 சதவீதம். சில மலிவு ரெஞ்சுகளில் ‘முழு அளவில் 4 சதவீதம்’ என்று போட்டிருப்பார்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும். 1,000 அளவு ரெஞ்சில் அது எங்கே செட் செய்தாலும் 40 நியூட்டன் மீட்டர் பிழை. 200இல் செட் செய்தால் அந்த 40 என்பது 20 சதவீதம்!

சீரியல் நம்பர் பொறிக்கப்பட்டிருக்கிறதா, அந்த நம்பருக்கு உரிய அளவீட்டுச் சான்றிதழ் பெட்டியில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எல்லா ரெஞ்சுக்கும் பொதுவாக அச்சடித்த அட்டை சான்றிதழ் ஆகாது. பழைய லாரிகள் சிலவற்றில் இடதுபக்க வீல்களில் இடது மரை நட்டுகள் இருக்கும். அப்படி வண்டி வைத்திருப்பவர்கள், ரெஞ்ச் இடது திசையிலும் அளக்குமா என்று கேட்டு வாங்க வேண்டும். ராட்செட் திரும்புவது வேறு, அந்தத் திசையில் அளப்பது வேறு.

அளவுகளிலும் ஒரு குழப்பம் உண்டு. நம்மூர் மெக்கானிக்குகள் ‘அறுபது கிலோ டார்க்’ என்பார்கள். அது கிலோகிராம் மீட்டர், சுமார் 588 நியூட்டன் மீட்டர். ரெஞ்சின் ஒரு பக்கம் நியூட்டன் மீட்டரும் மறுபக்கம் பவுண்டு அடியும் இருக்கும். 600 நியூட்டன் மீட்டர் வைக்க வேண்டிய இடத்தில் தவறுதலாக 600 பவுண்டு அடி வைத்தால் ஏறுவது 813. வண்டிக்கு வண்டி அளவு வேறு என்பதால், வரும் மாடல்களின் அளவை நியூட்டன் மீட்டரிலேயே மாற்றி பட்டறைச் சுவரில் பெயிண்டில் எழுதிவைப்பது நல்ல வழக்கம்.

விலை? பிராண்டைப் பொறுத்து நிறைய மாறும். ஆனால் இந்தியத் தயாரிப்பில் வீல் நட்டுக்கு ஏற்ற நல்ல ரெஞ்சைப் பெரும்பாலும் ஒரு புது லாரி டயரின் விலையை ஒட்டி வாங்கிவிடலாம். பத்து, பன்னிரண்டு டயர் ஓடும் வண்டிக்கு அது பெரிய செலவு என்று சொல்வது கஷ்டம்.

கையில் எடுத்தால் எப்படிப் பயன்படுத்தணும்?

கைப்பிடியின் நடுவில் பிடித்து, ஜெர்க் இல்லாமல், சீராக இழுக்க வேண்டும். ஒரு க்ளிக் போதும். ‘சந்தேகத்துக்கு இன்னொண்ணு’ என்று இரண்டாவது, மூன்றாவது க்ளிக் போட்டால் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிவிடும். கைப்பிடியில் பைப் சொருகக் கூடாது. அளவும் மாறும், உள்ளிருக்கும் பொறியமைப்பும் கெடும்.

நட்டுகளை வரிசையாகச் சுற்றிக்கொண்டே போகாமல் எதிரெதிராக, முதல் சுற்று பாதி அளவில், இரண்டாவது சுற்று முழு அளவில் வைக்க வேண்டும். சாக்கெட்டுக்கும் ரெஞ்சுக்கும் நடுவே நேராக நிற்கும் எக்ஸ்டென்ஷன் போட்டால் அளவு மாறாது. ஆனால் ரெஞ்சின் நீளத்தையே கூட்டும் இணைப்பு போட்டால் மாறும். 100 சென்டிமீட்டர் ரெஞ்சில் 10 சென்டிமீட்டர் இணைப்பை நேர்கோட்டில் மாட்டினால், நட்டுக்கு 660 கிடைக்க ரெஞ்சில் 600தான் செட் செய்ய வேண்டும்.

நட் கழற்ற டார்க் ரெஞ்சைத் தொடவே கூடாது. துருப்பிடித்த நட் எவ்வளவு கேட்கும் என்று யாருக்கும் தெரியாது. ரெஞ்சின் உச்ச அளவைத் தாண்டினால், அன்றோடு அதன் கணக்கு போய்விடும். ஆனால் அது தொடர்ந்து க்ளிக் என்று சொல்லிக்கொண்டே இருக்கும். அதுதான் ஆபத்து.

பராமரிப்பில் எங்கே தவறு நடக்கிறது?

க்ளிக் வகையில் உள்ளே ஒரு ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கிறது. 650இல் செட் செய்தபடியே மாதக்கணக்கில் டூல்ஸ் பெட்டியில் போட்டு வைத்தால் அந்த ஸ்பிரிங் சோர்ந்துபோகும். வேலை முடிந்ததும் அளவுகோலில் உள்ள மிகக் குறைந்த எண்ணுக்கு இறக்கி வைக்க வேண்டும். அதற்கும் கீழே திருகிவிடக் கூடாது, உள்ளே பாகங்கள் இடம் மாறிவிடும். பீம், டிஜிட்டல் வகைகளுக்கு இந்த வேலை இல்லை.

வாரக்கணக்கில் சும்மா கிடந்த ரெஞ்சை எடுத்தவுடன் நட்டில் வைக்காமல், நடுத்தர அளவில் செட் செய்து நாலைந்து தடவை க்ளிக் செய்த பிறகு பயன்படுத்தினால் உள்ளிருக்கும் கிரீஸ் பரவி சீராக வேலை செய்யும். வெளியே துணியால் துடைத்தால் போதும். டீசலில் முக்கிக் கழுவுவது, உள்ளே ஆயில் விடுவது இரண்டுமே அதன் உள் உராய்வை மாற்றி அளவைக் கெடுக்கும். கழுவியே தீர வேண்டும் என்ற ஆசை வந்தால் ஸ்பேனர் செட்டைக் கழுவிக்கொள்ளலாம். அதோடு வந்த பெட்டியிலேயே வைக்க வேண்டும். ரிக் வண்டி என்றால் கேபினுக்குள், ஜாக்கிக்கும் சங்கிலிக்கும் நடுவே போடாமல் தனியாக.

கீழே விழுந்தால்? வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும் சோதிக்கும் வரை அதைப் பயன்படுத்தக் கூடாது. பட்டறைப் பையன் திட்டு விழுமே என்று பயந்து விழுந்ததை மறைக்கும் சூழல் இருந்தால், அந்த ரெஞ்சை நம்பி வண்டி அனுப்புவது ஓனருக்குத்தான் நஷ்டம்.

கேலிபிரேஷன் எங்கே, எப்போது?

ஐ.எஸ்.ஓ தரநிலைப்படி 12 மாதங்களுக்கு ஒருமுறை, அல்லது 5,000 தடவை பயன்படுத்திய பிறகு, எது முதலில் வருகிறதோ அப்போது. 5,000 என்பது பெரிய எண்ணாகத் தெரியும். பத்து நட் உள்ள ஒரு வீலுக்கு இரண்டு சுற்று என்றால் 20 க்ளிக். நாளைக்கு நாலு வீல் மாற்றும் கடைக்கு இரண்டு மாதத்துக்குச் சற்று மேலேயே 5,000 வந்துவிடும்.

மளிகைக் கடைத் தராசுக்கும் எடை மேடைக்கும் முத்திரை இருக்கிறதா என்று அரசு அதிகாரிகள் வந்து கேட்கிறார்கள். லாரிப் பட்டறையில் டார்க் ரெஞ்சுக்கு அப்படி யாரும் வந்து கேட்பதில்லை. ஓனர்தான் கேட்க வேண்டும். சோதனைக்கு என்.ஏ.பி.எல் எனப்படும் தேசிய அங்கீகார வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற ஆய்வகங்களுக்கு அனுப்பலாம். கோவை, ஓசூர், சென்னை போன்ற தொழில் நகரங்களில் இத்தகைய சேவை கிடைக்கும். வாரியத்தின் இணையதளத்தில் ஊர்வாரியாகத் தேடலாம். அங்கீகாரம் இருக்கிறதா என்பதோடு, முறுக்குவிசைக் கருவிகளுக்கும் உங்கள் ரெஞ்சின் உச்ச அளவுக்கும் அது பொருந்துமா என்றும் கேட்க வேண்டும்.

திரும்பி வரும் சான்றிதழில் சீரியல் நம்பர் சரியாக இருக்க வேண்டும். ரெஞ்சின் உச்ச அளவில் 20, 60, 100 சதவீதம் ஆகிய இடங்களில் எடுத்த அளவுகள் இருக்க வேண்டும். சரிசெய்வதற்கு முன் எவ்வளவு காட்டியது என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்த எண்தான் முக்கியம். ரெஞ்ச் 15 சதவீதம் குறைவாக வைத்துக்கொண்டிருந்தது என்று தெரிந்தால், கடந்த மாதங்களில் அதில் டைட் செய்த வண்டிகளைத் திரும்பக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கும்.

இடையில் சந்தேகம் வந்தால் பட்டறையிலேயே ஒரு தோராயச் சோதனை செய்யலாம். அரை இஞ்ச் ரெஞ்சின் சதுர முனையை வைஸில் பிடித்து, ரெஞ்சைப் படுக்கை வசத்தில் வைத்து, முனையிலிருந்து சரியாக அரை மீட்டரில் 20 கிலோ எடைக்கல்லைத் தொங்கவிட்டால் சுமார் 98 நியூட்டன் மீட்டர் வரும். ரெஞ்சின் சொந்த எடை கொஞ்சம் கூடுதலாகச் சேரும். 100ஐ ஒட்டி க்ளிக் மாறினால் பெரிய கோளாறு இல்லை. இது சந்தேகம் தீர்க்க மட்டும்தான், சான்றிதழுக்கு மாற்று அல்ல. வீல் நட் ரெஞ்சுக்கு இந்தச் சோதனை வேண்டாம். ஒரு மீட்டரில் 60 கிலோவைத் தொங்கவிட்டு அது நழுவினால் கால் போய்விடும்.

எஃப்.சி பெயிண்ட்டும் வீல் நட்டும்

எல்லாம் சரியாகச் செய்தும் நட் தளரும் ஒரு காரணம் நம் பட்டறைகளில் சர்வசாதாரணம். எஃப்.சி.க்கு வண்டியைத் தயார் செய்யும்போது டிஸ்க்குக்கும் சேர்த்துப் பளபளவென்று பெயிண்ட் அடிப்பார்கள். ஹப்போடு ஒட்டும் பரப்பிலும், இரட்டைச் சக்கரத்தின் இரண்டு டிஸ்க்குகள் ஒன்றோடொன்று ஒட்டும் பரப்பிலும், நட் உட்காரும் இடத்திலும் பெயிண்ட் தடிமனாகப் படியும். லோடோடு ஓடும்போது அந்தப் பெயிண்ட் நசுங்கி வெளியேறும். ஒரு முடி தடிமன் குறைந்தாலே போதும், நீண்டிருந்த ஸ்டட் சுருங்கி இழுப்பு குறைந்துவிடும். நட் திரும்பவே இல்லை, ஆனால் பிடி போய்விட்டது! துருவும் மண்ணும் இதே வேலையைச் செய்யும். மாட்டுவதற்கு முன் இந்தப் பரப்புகளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்ய வேண்டும். அழகுக்கு வெளிப்பக்கம் மட்டும் பெயிண்ட் போதும்.

இதனால்தான் வீல் மாட்டிய பிறகு கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு மறுபடி டைட் பார்க்கச் சொல்கிறார்கள். ஜப்பானில் சொல்லும் அளவு 50 முதல் 100 கிலோமீட்டர். நாமக்கல்லில் வீல் மாட்டி வடக்கே கிளம்பும் வண்டிக்கு அது சேலம் பைபாஸ், தொப்பூர் கணவாய் வருவதற்கு முன். தெற்கே போனால் கரூர் தாண்டி. சங்ககிரியில் இருந்து கோவை நோக்கிப் போனால் பெருந்துறை பக்கம். வீல் சூடு ஆறட்டும், பிறகு அதே அளவில் செட் செய்து ஒவ்வொரு நட்டிலும் வைத்துப் பார்க்க வேண்டும். டிரைவரிடம் ரெஞ்ச் இல்லையென்றால் வழியில் ரெஞ்ச் உள்ள கடை எது என்று ஓனர் முன்கூட்டியே பேசிவைக்கலாம்.

ஸ்பிரிங் பட்டையின் யூ போல்ட்டுக்கும் இதே கதைதான். பட்டை மாற்றிய பிறகு புதுப் பட்டைகள் ஒன்றோடொன்று படிந்து யூ போல்ட் தளரும், மறுபடி டைட் பார்க்காவிட்டால் சென்டர் போல்ட் ஒடிந்து அச்சு நகரும். சிலிண்டர் ஹெட் போல்ட் வேறு விவகாரம். பல புது என்ஜின்களில் குறிப்பிட்ட டார்க் வைத்துவிட்டு, அதற்கு மேல் இத்தனை டிகிரி திருப்பு என்று சொல்வார்கள். அதற்குக் கோணம் காட்டும் கருவி வேண்டும். சில போல்ட்டுகளை ஒருமுறைக்கு மேல் பயன்படுத்தவும் கூடாது.

டிரைவர் என்ன பார்க்கணும்?

டீ குடிக்க நிறுத்தும்போது ஒரு சுற்று வந்தால் போதும். நட்டில் இருந்து துரு கோடு கோடாக வழிந்திருக்கிறதா, நட்டைச் சுற்றி இரும்பு தேய்ந்து பளபளக்கிறதா, டிஸ்க் ஓட்டையில் விரிசல் தெரிகிறதா? இதில் எது இருந்தாலும் நட் தளர்ந்திருக்கலாம். நட்டின் மேல் மாட்டும் மஞ்சள் அம்புக்குறிகள் நட் திரும்பியிருந்தால் காட்டிக்கொடுக்கும். ஆனால் பெயிண்ட் நசுங்கி இழுப்பு குறைந்ததை அவை காட்டாது.

ஒரு ஸ்டட் ஒடிந்திருந்தால் அதை மட்டும் மாற்றி ஓட்டுவது வழக்கம். அது தப்பு. அந்த ஸ்டட் ஒடிந்த பிறகு அதன் சுமையையும் சேர்த்துத் தாங்கியவை பக்கத்தில் இருக்கும் இரண்டு ஸ்டட்டுகள். அந்த இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். ஒரே வீலில் இரண்டு அல்லது அதற்கு மேல் ஒடிந்திருந்தால் பத்தையும் மாற்ற வேண்டும் என்பதே கனரக வாகனத் துறையில் பொதுவான நடைமுறை. மாற்றிய தேதி, கிலோமீட்டர், எந்த வீல், எத்தனை நியூட்டன் மீட்டர், மறுபடி டைட் பார்த்தது எங்கே என்பதை ட்ரிப் நோட்டிலேயே ஒரு வரி எழுதிவைத்தால், அடுத்து வண்டி எடுக்கும் டிரைவருக்கு விஷயம் தெரியும்.